தும்பியின் சாட்சியம்

எங்கள் குடும்ப வாட்சப் குழுவில், ஒரு காலை வணக்கப் படத்துக்கும் திருநள்ளாறு கோயில் வீடியோ ஒன்றுக்கும் நடுவே அந்தச் செய்தி வந்து விழுந்தது. குறுந்தொகையின் இரண்டாம் பாட்டில் ஃபெரமோன் இருக்கிறதாம். வெள்ளைக்காரன் 1959ல் கண்டுபிடித்ததைத் தமிழன் இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே பாடிவிட்டானாம். கீழே மூன்று தீப்பிழம்பு, ஒரு கைகூப்பு. அனுப்பியவர் காரைக்காலில் விவசாயம் பார்க்கும் என் சித்தப்பா.

இதற்கெல்லாம் நான் வழக்கமாகப் பதில் போடுவதில்லை. போட்டால் "படிச்சவன் பேச்சு" என்று ஒரு பெரியம்மா எழுதுவார், அதற்கு ஏழு பேர் கட்டைவிரல் உயர்த்துவார்கள். இந்தமுறை சும்மா இருக்க முடியவில்லை. ஒன்று, எனக்கு அந்தப் பாட்டு ரொம்பப் பிடிக்கும். இன்னொன்று, பூச்சியின் மணம் விஷயத்தில் சித்தப்பாவுக்கும் எனக்கும் ஒரு பழைய கணக்கு பாக்கி இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் பாட்டு. இறையனார் பெயரில் உள்ளது, குறிஞ்சித் திணை. தலைவன் ஒரு தும்பியிடம் பேசுகிறான். நீ மணம் தேடியே வாழ்கிறவன், எத்தனையோ பூக்களை அறிந்தவன். என் தலைவியின் கூந்தலைவிட மணமுள்ள பூ ஒன்றை நீ கண்டதுண்டா? அவ்வளவுதான் பாட்டு. நலம் பாராட்டல் என்று உரைகாரர்கள் துறை சொல்லி முடித்துவிடுவார்கள். ஆனால் இந்தக் கேள்விக்கு முன்னால் தலைவன் ஒரு நிபந்தனை வைக்கிறான். எனக்குப் பிடிக்கும் என்பதற்காக எதையும் சொல்லாதே, நீ கண்டதை மட்டும் சொல்.

நமக்கெல்லாம் இந்தப் பாட்டு வந்து சேர்ந்தது புத்தகம் வழியாக அல்ல, 1965ல் வந்த திருவிளையாடல் படம் வழியாக. நாகேஷ் தருமி, சிவாஜி சிவன், படத்தை இயக்கிய ஏ.பி. நாகராஜனே நக்கீரர். அந்தக் காட்சியை நான் முப்பது தடவையாவது பார்த்திருப்பேன். படத்துக்கு மூலம் பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணம். பெண்ணின் கூந்தலுக்கு இயற்கையிலேயே மணம் உண்டா, பூவாலும் எண்ணெயாலும் வந்த மணம்தானா என்பது அங்கே சண்டை. நக்கீரர் விடாப்பிடியாக வந்த மணம்தான் என்கிறார், நெற்றிக்கண்ணில் வெந்து பொற்றாமரைக் குளத்தில் விழுகிறார். அந்தப் பிடிவாதத்துக்காக நக்கீரரை எனக்கு எப்போதும் பிடிக்கும்.

ஆனால் ஒரு விஷயம். நக்கீரர் எழுப்பிய கேள்வி பாட்டில் இல்லவே இல்லை. கூந்தல் மணம் எங்கிருந்து வந்தது என்று தலைவன் கேட்கவில்லை. நீ அறிந்த பூக்களில் இதைவிட மணம் உண்டா என்றுதான் கேட்கிறான். மல்லிகை வைத்ததால் வந்த மணமாக இருந்தாலும் அவன் கேள்வி அப்படியே நிற்கும். நக்கீரர் நல்ல சந்தேகவாதி, அந்த இடத்தில் மோசமான வாசகர். என் சித்தப்பாவின் வாட்சப் செய்தியும் அதே தவறைத்தான் செய்கிறது. பாட்டு எதைக் கேட்கிறது என்று பார்க்காமல், தனக்கு வேண்டிய விடையை அதற்குள் வைத்துவிட்டு, பிறகு அதைக் கண்டெடுக்கிறது.

சரி, ஃபெரமோன் கதைக்கு வருவோம். அதில் இந்தப் பாட்டுக்கு உண்மையிலேயே ஓர் உரை இருக்கிறது என்று நான் நினைக்கிறேன், ஆனால் செய்தி சொல்லும் இடத்தில் அல்ல.

காரைக்காலில் இன்றும் ஃபிரெஞ்சுப் பென்ஷன் வாங்கும் வீடுகள் உண்டு. அந்த மொழியின் மிகச்சிறந்த பூச்சி எழுத்தாளரான ழான் ஹென்றி ஃபாபரை நான் படித்தது என்னவோ இங்கிலீஷில்தான். தெற்கு ஃபிரான்ஸில் செரிஞான் என்ற கிராமத்தில் அவருடைய வீடு. ஒரு மே மாதக் காலையில் மயில் அந்துப்பூச்சிப் பெண் ஒன்று அவர் கண்முன்னே கூட்டைவிட்டு வெளியே வருகிறது. கம்பிவலைக் கூண்டில் மூடி வைக்கிறார். அன்று ராத்திரி அவருடைய சின்ன மகன் அலறிக்கொண்டு ஓடிவருகிறான், அறையெல்லாம் பறவை அளவுக்குப் பூச்சிகள். ஏறக்குறைய நாற்பது ஆண் பூச்சிகள், இருட்டில், மரங்களுக்கு நடுவே வழி கண்டுபிடித்து வந்திருக்கின்றன.

அவை எப்படி வந்தன? ஃபாபர் கூண்டை இடம் மாற்றி வைக்கிறார், வந்துவிடுகின்றன. நாப்தலீன் உருண்டையைப் பக்கத்தில் வைக்கிறார், அப்போதும் வருகின்றன. காற்றுப்புகாத பெட்டியில் பெண்ணை அடைத்தால் மட்டும் ஒன்றுகூட வருவதில்லை. எல்லாம் மணத்தைத்தான் சுட்டுகிறது. ஆனாலும் மனிதருக்குத் தயக்கம். ஏனென்றால் அவருடைய மூக்குக்கு எதுவும் தெரியவில்லை. பின்னால் ஓக் மரத்து அந்துப்பூச்சி ஒன்றை வைத்துச் செய்த சோதனையில்தான் பிடி கிடைக்கிறது. பெண்ணைக் கண்ணாடி மணிக்குள் எல்லாரும் பார்க்கும்படி வைத்துவிட்டு, அது முந்தைய பொழுதில் உட்கார்ந்திருந்த இலைக்கொத்தை வேறிடத்தில் போடுகிறார். ஆண்கள் கண்ணெதிரே இருக்கும் பெண்ணைத் திரும்பியும் பார்க்காமல் இலைக்கொத்தை மொய்க்கின்றன. அந்த அத்தியாயத்தின் கடைசியில், மணங்களைப் பதிவுசெய்யும் செயற்கை மூக்கு ஒன்றை விஞ்ஞானம் ஒருநாள் தரும் என்று ஃபாபர் ஆசைப்படுகிறார். அவர் போனது 1915ல்.

அடுத்தது ஜெர்மனி. அடால்ஃப் புட்டெனான்ட், மனித பாலின ஹார்மோன்களுக்காக 1939ல் நோபல் அறிவிக்கப்பட்டவர். அவரும் எரிக் ஹெக்கர் முதலானவர்களும் பட்டுப்பூச்சியை எடுத்துக்கொண்டார்கள். பட்டுப்பூச்சியில் ஒரு வசதி: வேண்டிய அளவுக்கு வளர்க்கலாம், பறந்து போகாது. ஐந்து லட்சம் பெண் பூச்சிகளின் வயிற்று நுனியை வெட்டி, கரைத்து, பிரித்து, சுமார் 20 வருஷம் கழித்து கையில் வந்தது வெறும் 12 மில்லிகிராம் அளவு வழிப்பொருள். 1959ல் கட்டமைப்பை அறிவித்தார்கள், பாம்பிகால் என்று பெயர் வைத்தார்கள். 16 கார்பன் சங்கிலி, இரண்டு இரட்டைப் பிணைப்பு, நுனியில் ஓர் ஆல்கஹால். ஃபெரமோன் என்ற சொல்லை கார்ல்சனும் லூஷரும் உருவாக்கியதும் அதே 1959தான். (அந்த வருஷம் காரைக்கால் சட்டப்படி ஃபிரான்ஸ், நிர்வாகப்படி இந்தியா. 1954 நவம்பரில் கைமாறியது, சட்டம் 1962ல்தான் முடிந்தது. இரண்டு அடையாளமுள்ள பொருள்களின்மேல் எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு பரிவு உண்டு.)

இத்தனை வருஷமும், இந்தத் திரவத்தில் இருக்கிறதா அந்தத் திரவத்தில் இருக்கிறதா என்று யாரைக் கேட்டு முடிவுசெய்தார்கள்? ஆண் பூச்சியை. கண்ணாடிக் குச்சியைத் திரவத்தில் நனைத்து அதன் முன்னால் நீட்டுவார்கள். சிறகடித்து ஆடினால் உண்டு, சும்மா இருந்தால் இல்லை. உலகப் புகழ்பெற்ற வேதியியலாளர் ஒவ்வொரு படியிலும் ஒரு பூச்சியிடம் போய் நின்று, நீ கண்டதைச் சொல் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

1957ல் டீட்ரிஷ் ஷ்னைடர் இன்னும் ஒரு படி போனார். பட்டுப்பூச்சியின் உணர்கொம்பைத் தனியே எடுத்து இரண்டு முனையிலும் மின்முனை வைத்து, மணம் பட்டதும் எழும் மின்னழுத்த மாற்றத்தை அளந்தார். 1975ல் ஆர்ன், ஸ்டேட்லர், ரவுஷர் மூவரும் இதைக் கேஸ் குரோமட்டோகிராஃபோடு இணைத்தார்கள். கலவை குழாய்க்குள் போகிறது, ஒவ்வொரு பொருளாகப் பிரிந்து வெளியே வருகிறது. வருவதை இரண்டாகப் பிளந்து ஒருபாதியைக் கருவிக்கும் மறுபாதியை உணர்கொம்புக்கும் அனுப்புகிறார்கள். தாளில் இரண்டு கோடுகள் ஓடும். கருவியின் கோட்டில் நூறு மேடு எழலாம். உணர்கொம்பின் கோடு எங்கே துள்ளுகிறதோ அந்த மேடு மட்டும்தான் நமக்கு வேண்டியது. பெரிய மேட்டை விட்டுவிட்டு, பக்கத்தில் கண்ணுக்கே தெரியாத சிறு மேட்டில் துள்ளும். ஃபாபர் கேட்ட மூக்கு இதுதான், ஆனால் செயற்கை இல்லை. இரவல் வாங்கிய மூக்கு.

கேட்கத் தெரியாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் கதை உண்டு. அமெரிக்கக் காடுகளை மொட்டையடிக்கும் ஜிப்சி அந்துப்பூச்சியின் ஃபெரமோனைக் கண்டுபிடித்துவிட்டதாக அந்நாட்டு வேளாண் துறை வேதியியலாளர்கள் 1960ல் அறிவித்தார்கள். ஜிப்டால் என்று பெயர். அதைப் போலவே செய்த ஜிப்லூர் என்ற பொருளும் வந்தது. பத்து வருஷம். பொறியில் பூச்சி சரியாக வரவில்லை என்றால் தூய்மை போதவில்லை என்று காரணம் சொல்லப்பட்டது. கடைசியில் பார்த்தால் அந்தப் பொருளுக்கும் பூச்சிக்கும் சம்பந்தமே இல்லை. உண்மையான பொருள், டிஸ்பார்லூர், 1970ல்தான் வெளியே வந்தது. யாரும் ஏமாற்றவில்லை. பூச்சி சொல்வதைவிட தங்கள் ஆசை சொல்வது கொஞ்சம் உரக்கக் கேட்டுவிட்டது, அவ்வளவுதான். மென்பொருள் வேலையில் இருப்பவர்களுக்கு இது புதுசு இல்லை. லாகில் பிழை பளிச்சென்று இருக்கும், நாம் நம் யூகத்தைப் பிடித்துக்கொண்டு மூன்று நாள் வேறெங்கோ தோண்டுவோம்.

குறுந்தொகைத் தலைவன் வைக்கும் நிபந்தனை எனக்குப் பெரிதாகத் தெரிவது இதனால்தான். உலகிலேயே மிகவும் சார்புள்ள ஒருவன், காதலித்துக்கொண்டிருப்பவன், சாட்சியிடம் சார்பு வேண்டாம் என்கிறான். விடை தெரிந்த கேள்வியைக் கேட்பவனின் தந்திரம் என்று இதைப் படிக்கலாம். தலைவி பக்கத்தில்தானே நின்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். ஆனால் ஆசை சாட்சியைக் கெடுக்கும் என்று தெரியாதவனுக்கு இந்தத் தந்திரமே தோன்றியிருக்காது. அந்தத் தெரிதல்தான் பாட்டில் இருக்கிறது. ஃபெரமோன் இல்லை. (தும்பி என்று இன்று நாம் சொல்வது தட்டானை. அதன் உணர்கொம்பு மயிரிழைபோல, அது கண்ணை நம்பி வாழ்கிற பிராணி. பாட்டில் வருவது வண்டினம். தட்டானைப் படம் போட்டு இந்தப் பாட்டை அச்சிடுகிறவர்கள் தப்பான சாட்சியைக் கூண்டில் ஏற்றுகிறார்கள்.)

இப்போது பழைய கணக்கு.

சித்தப்பாவின் வயல் திருநள்ளாற்றுப் பக்கம், அரசலாற்றுத் தண்ணீர் வந்தால் சம்பா. காவிரியின் கடைமடை என்பதால் தண்ணீர் வருமா என்பதே முதல் கவலை. இரண்டாவது கவலை குருத்துப்பூச்சி. மஞ்சள் நிற அந்துப்பூச்சி, பெண்ணுக்கு இறக்கையில் ஆளுக்கொரு கறுப்புப் பொட்டு. இலை நுனியில் குவியலாக முட்டையிட்டு ரோமத்தால் மூடிவிடும். அதனால்தான் நாற்றின் நுனியைக் கிள்ளிவிட்டு நடுவார்கள். புழு தண்டுக்குள் போய்விட்டால் மருந்து எட்டாது. இளம்பயிரில் நடுக்குருத்து காயும். கதிர் வரும் நேரத்தில் வந்தால் வெண்கதிர், நிமிர்ந்து வெள்ளையாக நிற்கும், உள்ளே மணி இருக்காது.

இந்தப் பூச்சியின் ஃபெரமோனை 1985ல் ஆலன் கார்க் முதலான லண்டன் ஆய்வாளர்களும் பிலிப்பைன்ஸ் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்துக்காரர்களும் சேர்ந்து அடையாளம் கண்டார்கள். சிஸ்-11-ஹெக்ஸாடெசினல், சிஸ்-9-ஹெக்ஸாடெசினல், 3க்கு 1 என்ற விகிதம். பிலிப்பைன்ஸ் வயல்களில் சோதித்தார்கள். 1990களில் ஐதராபாத் நெல் ஆராய்ச்சி இயக்குநரகம் அதே லண்டன் குழுவோடு சேர்ந்து இந்திய வயல்களில், பொறியில் பிடிப்பதையும், வயல் முழுக்க இந்த மணத்தைப் பரப்பி ஆண்களைக் குழப்புவதையும் முயன்று பார்த்தது. இனக்கவர்ச்சிப் பொறி இன்று டெல்டாவில் சாதாரணப் பொருள். புனல், கீழே பாலிதீன் பை, மேலே மூடிக்கு அடியில் சின்ன ரப்பர் மூடி போன்ற லூர். அந்த லூரை நான் மூக்கில் வைத்துப் பார்த்திருக்கிறேன், ரப்பர் வாசனைதான் வந்தது.

சில வருஷங்களுக்கு முன் சித்தப்பாவுக்கு நான்தான் லூர் வாங்கித் தந்தேன், ஆன்லைனில். பட்டியலில் அடுத்தடுத்து இருந்ததில் கைதவறி வேறொன்றை அழுத்தியிருக்கிறேன். பாக்கெட்டில் எழுதியிருந்ததை அவரும் படிக்கவில்லை, நானும் கேட்கவில்லை. இரண்டு வாரம் பையில் ஒரு பூச்சி இல்லை. போனில் பேசினார்.

"தம்பி, ஒண்ணுமே விழல. இந்த வருஷம் குருத்துப்பூச்சி இல்ல போல."

"அப்ப மருந்து அடிக்க வேண்டாம் சித்தப்பா. டேட்டா சொல்லுதுல்ல."

நான்தான் சொன்னேன், அந்த வார்த்தையையே சொன்னேன். தையில் ஊருக்குப் போனபோது வயலில் வெண்கதிர்கள் நட்டுவைத்த ஊதுபத்தி மாதிரி நின்றன. பொறியைக் கழற்றிப் பார்த்தேன். அது கத்தரிக்காய்த் துளைப்பானுக்கான லூர்.

கத்தரித் துளைப்பானின் ஃபெரமோனை 1987ல் சீனாவிலும், 1988ல் இலங்கை ஆய்வாளர்கள் பங்குகொண்ட குழு ஒன்றும் அடையாளம் கண்டார்கள். அதுவும் 16 கார்பன்தான். இரட்டைப் பிணைப்பும் அதே 11ஆம் இடம்தான். ஆனால் இங்கே டிரான்ஸ், நெல்லில் சிஸ். நுனியில் இங்கே அசிடேட், நெல்லில் ஆல்டிஹைடு. ஓர் ஒற்றெழுத்து மாறினால் சொல் மாறுவதுபோல, ஒரு வளைவும் ஒரு வாலும் மாறியதில் குருத்துப்பூச்சிக்கு அது பேச்சே இல்லை. வயலில் பூச்சி நிறைய இருந்தது. எங்கள் கேள்வி அதன் காதில் விழவில்லை. பூஜ்யம் என்று நான் படித்தது விடை அல்ல, கேட்கப்படாத கேள்வி.

சித்தப்பா கோபப்படவில்லை. "போவுது, உடு" என்றார். எத்தனை மூட்டை குறைந்தது என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

இங்கே நக்கீரருக்கு ஒரு நியாயம் செய்ய வேண்டும். அந்துப்பூச்சிகளைப் பொறுத்தவரை சிவன் கட்சி ஜெயிக்கிறது. பெண் அந்துப்பூச்சி தன் உடம்பின் கொழுப்பு அமிலத்திலிருந்து தானே மணத்தைச் செய்துகொள்கிறது. இயற்கை மணம், சந்தேகமில்லை. ஆனால் மாம்பழ ஈயிடம் போனால் கதை மாறும். காரைக்காலில் ஆனி மாதம் அம்மையாரின் மாங்கனித் திருவிழா. மாடிகளிலிருந்து மாம்பழம் வீசுவார்கள், கீழே கூட்டம் பிடிக்கும். அந்தப் பழத்துக்குள் புழு வைப்பது இந்த ஈ. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பீகாரின் பூசா ஆராய்ச்சி நிலையத்தில் இருந்த ஹௌலட், கொசுவுக்காகப் பூசும் சிட்ரொனெல்லா எண்ணெயை இந்த ஈக்கள் தேடி வருவதை வைத்து ஆராய்ச்சியைத் தொடங்கினார். வருவது எல்லாம் ஆண். எண்ணெயைப் பிரித்துப் பிரித்து மீத்தைல் யூஜினாலுக்கு வந்து சேர்ந்தார். 1912லும் 1915லும் எழுதினார். அதாவது பாம்பிகாலுக்கு நாற்பது வருஷத்துக்கும் மேல் முன்னால், இந்திய மண்ணில். இந்தியப் பெருமை வேண்டும் என்றால் இதை ஃபார்வேர்டு செய்யலாம், ஆனால் ஆளின் பெயர் ஹௌலட் என்பதால் யாரும் செய்யமாட்டார்கள்.

மீத்தைல் யூஜினால் துளசியிலும் பல பூக்களிலும் இருக்கிறது. ஆண் ஈ அதைத் தேடிப்போய்த் தின்கிறது. ஏன் என்று வெகுகாலம் புரியவில்லை. 1980களில் ரித்சுவோ நிஷிடா முதலான ஜப்பானியர்கள் காட்டினார்கள்: தின்றதைச் சற்று மாற்றி, மலக்குடல் சுரப்பியில் சேமித்து, மாலையில் பெண்ணுக்கு எதிரே அதைத்தான் மணமாக வெளியே விடுகிறது. தின்ற ஆணைப் பெண் விரும்புகிறது. பூவால் வந்த மணம். கிலுகிலுப்பைச் செடியில் மொய்க்கும் நீலவரியன் வகை வண்ணத்துப்பூச்சிகளும் இதே கட்சி, செடியின் ஆல்கலாய்டை உறிஞ்சித்தான் ஆண் தன் மணத்தைச் செய்துகொள்கிறது. நக்கீரர் ஈயைப் பற்றிப் பேசியிருந்தால் நெற்றிக்கண் திறந்திருக்காது.

இன்னொரு வேடிக்கை. 1996ல் ராஸ்முஸன் என்ற அமெரிக்க அம்மையார் ஆசிய யானைப் பெண்ணின் சிறுநீரிலிருந்து ஆண்களுக்கு விடுக்கும் அழைப்பைப் பிரித்தெடுத்தார். சிஸ்-7-டோடெசினைல் அசிடேட். நூற்றுக்கும் மேற்பட்ட அந்துப்பூச்சிகள் பயன்படுத்தும் அதே மூலக்கூறு. யானை பூச்சியைத் தேடிப் போவதுமில்லை, பூச்சி யானையைத் தேடி வருவதுமில்லை. பூச்சி பேசுவது எப்போதும் கலவையில், விகிதத்தில். ஒரே சொல் இருக்கிறது என்பதால் இரண்டு வாக்கியமும் ஒன்றாகிவிடாது. குறுந்தொகையில் மணம் என்ற சொல் இருக்கிறது, வேதியியல் ஏட்டிலும் மணம் இருக்கிறது என்று முடிச்சுப்போடுகிறவர்களுக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை.

இதையெல்லாம் சுருக்கிக் குழுவில் எழுதினேன். பெரியம்மா எதிர்பார்த்தபடியே எழுதினார். ஏழு கட்டைவிரல். சித்தப்பா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. ராத்திரி தனியாகக் கூப்பிட்டார்.

"அந்தப் பாட்டுல வண்டு என்னதான் பதில் சொல்லுச்சு?"

"பாட்டுல பதில் இல்ல சித்தப்பா. கேள்வியோட முடிஞ்சிடுது."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, சம்பா நட்டாச்சு, லூர் வாங்கி அனுப்பு என்றார். பாக்கெட்டைப் படம் எடுத்து முதலில் அவருக்கு அனுப்பினேன். பெயரை எழுத்துக்கூட்டிப் படித்து, சரிதான் என்று குரல்செய்தி போட்டார். இப்போது தினமும் காலையில் எண்ணிக்கை வருகிறது, குடும்பக் குழுவிலேயே, காலை வணக்கப் படங்களுக்கு நடுவே. நேற்று 4. இன்று 11. எண்ணினால் போதும், படம் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். பையைக் கவிழ்த்துத் திண்ணையில் பூச்சிகளை வரிசையாக வைத்துப் படமும் அனுப்புகிறார்.